பழக்குதலின் எல்லை

கற்பிக்கும் பணியில் நெடுநாள் இருப்பவர்களுக்கு, "இந்தப் பிள்ளையை நாம் வளர்க்கிறோமா, வளைக்கிறோமா?" என்னும் ஐயம் ஒருநாள் எழுந்தே தீரும். முப்பது ஆண்டுகளாக மக்தபில் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுத்து வரும் எனக்கு அவ்வையம் ஏழு வயதுச் சிறுவன் ஒருவனால் எழுந்தது.

பெயர் சொல்லி அழைத்தால் அவன் திரும்பிப் பார்க்கமாட்டான். பிற பிள்ளைகளோடு கூடி விளையாடமாட்டான். மின்விசிறி சுழல்வதைப் பார்த்தபடி ஒரு மணி நேரம் அசையாது அமர்ந்திருப்பான். ஆனால், சிறியதொரு சூராவை இரண்டு முறை கேட்டால் போதும். என் குரலின் ஏற்ற இறக்கத்தோடு, இடையில் நான் இருமிய இருமலையும் சேர்த்து, அப்படியே ஒப்பித்துவிடுவான். இத்துணை நினைவாற்றல் படைத்த அவனுக்குத் தாகம் எடுத்தால் தண்ணீர் கேட்கத் தெரியாது. "தண்ணி வேணுமா வாப்பா?" என்று அவனுடைய உம்மா அவனிடம் கேட்கும் கேள்வியையே நம்மிடம் திருப்பிச் சொல்வான். அது அவனுடைய வேண்டுகோள் என்பதை நான் அறிந்துகொள்ளப் பல நாட்கள் ஆயின. அத்தனை நாட்களும் அவன் தாகத்தோடு இருந்திருக்கிறான்.

மருத்துவர்கள் இந்நிலையை ஆட்டிசம் என்கின்றனர். தமிழில் மதியிறுக்கம் என்றும் எழுதுகின்றனர். மதி இறுகிப் போனவன் என்று பொருள்படும் அச்சொல்லை அச்சிறுவனுக்குச் சூட்ட எனக்கு மனம் வரவில்லை. ஆதலின் மக்கள் வழங்கும் சொல்லையே ஈண்டு ஆளுகிறேன்.

இத்தகைய பிள்ளைகளுக்கென வகுக்கப்பட்ட நடத்தைப் பயிற்சி முறைகள் பல உள்ளன. அவற்றை அறிய முற்பட்டபோதுதான் ஒரு பெரிய அறவினா என் முன் வந்து நின்றது. தன் மனத்தில் உள்ளதை எடுத்துச் சொல்ல இயலாத ஒரு பிள்ளையை, பரிசு காட்டியும் திரும்பத் திரும்பச் செய்வித்தும் நம் விருப்பப்படி பழக்குவது அறமாகுமா? ஆகுமெனில் அதன் எல்லை எது?

தாயின் மீது விழுந்த பழி

அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் மருத்துவராயிருந்த லியோ கன்னர் என்பார், 1943 ஆம் ஆண்டில் பதினொரு குழந்தைகளைப் பற்றி ஓர் ஆய்வுரை வெளியிட்டார். தனித்திருத்தலில் நாட்டம், எதுவும் மாறாதிருக்க வேண்டும் என்ற பிடிவாதம், கேட்டதையே திருப்பிச் சொல்லும் பேச்சு ஆகியவற்றை அவர் அக்குழந்தைகளிடம் கண்டார். இன்று நாம் ஆட்டிசம் என அறிவது அவ்வுரையின் வழியேதான் மருத்துவ உலகில் நிலைபெற்றது.

அதன் பின் நிகழ்ந்தது வருந்தத்தக்கது. தாயின் அன்பு குன்றியதால்தான் குழந்தை இப்படித் தனக்குள் ஒடுங்கிவிட்டது என்றொரு கருத்து அறிஞர்களிடையே பரவிற்று. சிகாகோவில் இருந்த புரூனோ பெட்டல்ஹைம் அதனை நூலாகவும் எழுதினார். உலகெங்கும் எத்தனையோ தாய்மார்கள், 'என் பிள்ளையை நானே கெடுத்தேன்' என்று கண்ணீர் வடித்தனர். தாமே இத்தகைய ஒரு மகனுக்குத் தந்தையான பெர்னார்ட் ரிம்லண்ட், 1964 இல் எழுதிய நூலில் அக்கருத்து ஆதாரமற்றது என்று எடுத்துக்காட்டினார்; இதன் வேர் உடலமைப்பில், மூளையின் வளர்ச்சியில் உள்ளது என்றார். இன்று அறிவியல் உலகில் இது ஐயத்திற்கிடமின்றி ஏற்கப்பட்டுள்ளது.

ஆனால் நம் தெருக்களில் அந்தப் பழி இன்னும் நீங்கவில்லை. வயிற்றில் இருந்தபோது பயந்தாள் என்பார்கள், கைப்பேசியைக் கொடுத்துக் கெடுத்தாள் என்பார்கள், கண்ணேறு என்பார்கள். என்னிடம் வந்த சிறுவனின் உம்மா அவனைத் தூக்கிக்கொண்டு பத்து இடங்களில் ஓதிப் பார்த்துவிட்டு, பதினோராவதாக என்னிடம் வந்தவர். அவர் முதலில் கேட்டது, "நான் என்ன ஹள்ரத் தப்புப் பண்ணினேன்?" என்பதே. ஒரு பிள்ளையைத் திருத்துவது பற்றி நாம் பேசத் தொடங்கும்முன், அவனைப் பெற்றவளைக் குற்றவாளிக் கூண்டிலிருந்து இறக்கிவிட வேண்டும் என்பதை அன்று உணர்ந்தேன்.

முறையின் அமைப்பு

இம்முறைகளின் அடிப்படை எளியது. ஒரு செயலைத் தொடர்ந்து நற்பயன் கிட்டுமாயின் அச்செயல் மீண்டும் நிகழும். பயன் ஏதும் கிட்டாவிடின் அது நாளடைவில் குறையும். உளவியலார் ஸ்கின்னர் விரித்துரைத்த இவ்விதியைப் பிள்ளைகளின் வாழ்வில் பொருத்திக் கற்பிக்கும் துறை 1960களில் உருவாயிற்று. கற்பிக்க வேண்டியதைச் சிறு சிறு படிகளாகப் பிரித்தல், படிதோறும் உதவி தருதல், சரியாகச் செய்தவுடன் பாராட்டுதல், உதவியைச் சிறிது சிறிதாகக் குறைத்தல், நாள்தோறும் குறித்து வைத்துப் பார்த்தல் ஆகியன அதன் உறுப்புகள்.

ஒளூச் செய்யக் கற்பிப்பதை எடுத்துக்கொள்வோம். நமக்கு அது ஒரே செயல். அச்சிறுவனுக்கோ அது இருபது செயல்கள்: குழாயைத் திறத்தல், கையை நீட்டுதல், இரு கைகளையும் தேய்த்தல் என்று நீண்டுகொண்டே போகும் வரிசை. முதலிலிருந்து கற்பித்தால் நடுவிலேயே அலுத்து ஓடிவிடுவான். ஆதலால் கடைசியிலிருந்து தொடங்குவது ஒரு வழி. எல்லாவற்றையும் ஆசிரியர் கைபிடித்துச் செய்வித்து, இடது காலைக் கழுவுவதை மட்டும் அவனிடம் விடுவார். அதைச் செய்து முடித்தவுடன் வேலை நிறைவேறிய மகிழ்ச்சி அவனுடையதாகிறது. அது படிந்த பின் வலது காலையும் அவனே கழுவுவான். இப்படிப் பின்னிருந்து முன்னாக நகர்ந்து, சில மாதங்களில் முழுவதும் அவன் கைக்கு வந்துவிடும். உதவியும் அவ்வாறே சுருங்கும். முதலில் கையைப் பற்றுதல், பின்னர் மணிக்கட்டைத் தொடுதல், பின்னர் முழங்கையை லேசாகத் தொடுதல், இறுதியில் கண்சாடை. என் மாணவன் இவ்வழியில்தான் ஒளூச் செய்யக் கற்றான். அவனுக்குப் பரிசு இனிப்பு அன்று. மின்விசிறியின் விசையை அவனே போடலாம் என்பதுதான்.

வேறு முறைகளும் உள்ளன. வட கரோலினாப் பல்கலைக்கழகத்தில் எரிக் ஷாப்ளர் என்பாரும் அவருடைய துணைவர்களும் வகுத்த முறை, பிள்ளையை மாற்றுவதைவிட அவனைச் சுற்றியுள்ள இடத்தை ஒழுங்குபடுத்துவதில் கருத்தைச் செலுத்தியது. 1972 இல் அம்மாநிலம் முழுமைக்குமான திட்டமாகவே அது அமைந்தது. அடுத்து என்ன நடக்கும் என்பது தெரியாததே இப்பிள்ளைகளின் பெரும் அச்சம். ஆதலின் அன்றைய வேலைகளைப் படங்களாக வரிசைப்படுத்திச் சுவரில் மாட்டுவார்கள். முடிந்த படத்தைப் பிள்ளையே எடுத்துப் பெட்டியில் போடும். பெற்றோரைக் குற்றவாளிகளாகக் கருதிய காலத்தில், அவர்களையே கற்பிக்கும் துணைவர்களாக்கிக்கொண்ட பெருமை ஷாப்ளருக்கு உண்டு.

1985 இல் டெலாவேர் மாநிலத்தில் ஆண்டி பாண்டி, லோரி ஃப்ராஸ்ட் ஆகிய இருவர் படமாற்று முறை ஒன்றை வகுத்தனர். வேண்டிய பொருளின் படத்தை எடுத்து எதிரில் இருப்பவர் கையில் பிள்ளை கொடுக்க வேண்டும். கொடுத்தவுடன் அப்பொருள் கிடைக்கும். 'நான் கேட்டால் கேட்பதற்கு ஒருவர் இருக்கிறார்' என்ற உணர்வு இம்முறையில் சொல்லுக்கு முன்பே பிள்ளைக்கு வந்துவிடுகிறது. அதே ஆண்டில் கார், டுராண்ட் என்ற இரு ஆய்வாளர்கள், அலறுதலும் அடித்தலும் பல வேளைகளில் உதவி கேட்கும் வழியே என்றும், உதவி கேட்கவும் கவனத்தை ஈர்க்கவும் வேறொரு வழியைக் கற்பித்தால் அந்த அலறல் குறைகிறது என்றும் காட்டினர். அடம் என்று நாம் அழைப்பது, சொல் கிடைக்காதவனின் பேச்சாக இருக்கலாம் என்பதை இது நமக்கு உணர்த்துகிறது.

இருண்ட பக்கம்

இம்முறையின் வரலாற்றில் மறைக்கக்கூடாத ஒரு பகுதியும் உண்டு. லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த இவார் லோவாஸ் என்பார் இத்துறையின் முன்னோடி. 1960களில் அவருடைய ஆய்வகத்தில் குழந்தைகள் கன்னத்தில் அறையப்பட்டனர், மின்னதிர்ச்சியும் தரப்பட்டது. 1965 இல் லைஃப் என்னும் பெயர் பெற்ற இதழ் அக்காட்சிகளைப் படங்களோடு வெளியிட்டது. தம்மைத் தாமே தாக்கிக் காயப்படுத்திக்கொள்ளும் குழந்தைகளைக் காப்பதற்கே என்று அதற்குக் காரணம் கூறப்பட்டது.

1987 இல் அவரே வெளியிட்ட ஆய்வு உலகைத் திரும்பிப் பார்க்க வைத்தது. நான்கு வயதிற்கும் முன்பே பயிற்சி தொடங்கிய 19 குழந்தைகள். வாரத்திற்கு 40 மணி நேரத்திற்கும் மேற்பட்ட பயிற்சி. இரண்டாண்டும் அதற்கு மேலும். அவர்களில் 9 பேர் இயல்பான அறிவுத்திறன் அளவை எட்டிப் பொதுப் பள்ளியில் முதல் வகுப்பைத் தேறினர் என்றது அவ்வாய்வு. உலகெங்கும் பெற்றோர் நம்பிக்கை கொண்டனர். ஆனால், குழந்தைகளைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்ததுபோல் பாரபட்சமின்றிக் குழுக்களாகப் பிரிக்கவில்லை என்று அறிஞர் பலர் குறை கூறினர். அப்பயிற்சியிலும் உரத்து அதட்டலும் தொடையில் அடித்தலும் ஓரளவு இடம்பெற்றிருந்தன.

அக்காலத்துக் குழந்தைகள் வளர்ந்து பெரியவர்களாயினர். ஆட்டிசம் உடையோருள் எழுத வல்லவர்கள் எழுதத் தொடங்கினர். 'எங்கள் கண்களை வலிந்து உங்கள் கண்களோடு பொருத்தினீர்கள். எங்களுக்கு அமைதி தந்த கையசைவை அடக்கினீர்கள். நாங்கள் நன்றாக இருப்பதைவிட, பிறரைப் போலத் தோன்றுவதையே விரும்பினீர்கள்' என்பது அவர்களது முறையீட்டின் சாரம். 1993 இல் ஜிம் சின்கிளேர் என்பார், எங்களுக்காகத் துக்கம் காக்காதீர்கள் என்று பெற்றோரை நோக்கிப் பேசியது இன்றும் நினைக்கப்படுகிறது.

இம்முறையீடு வீண்போகவில்லை. இன்று இத்துறையினருள் பெரும்பாலோர் அடியையும் அதிர்ச்சியையும் கைவிட்டுவிட்டனர். விளையாட்டினூடே, பிள்ளை விரும்புவதைப் பின்தொடர்ந்து கற்பிக்கும் முறைகள் வளர்ந்துள்ளன. 'பந்து' என்று சொன்னவனுக்கு மிட்டாய் தருவதை விட்டு, பந்தையே தருகின்றனர். சொல்லுக்கும் பொருளுக்கும் உள்ள உறவே அங்கே பரிசாகிறது.

பழக்கம் அறமாகுமா?

இனி, நம் வினாவிற்கு வருவோம். பரிசுக்காகச் செய்யும் செயலுக்கு நிய்யத் ஏது, உள்ளத்தில் எழாத செயல் பண்பாகுமா என்று ஓர் ஆலிம் நண்பர் என்னிடம் கேட்டார். நல்ல கேள்விதான். ஆனால் நம் இளமையை எண்ணிப் பார்ப்போம். வாப்பாவின் பக்கத்தில் நின்று, அவர் குனியக் குனிந்து, நிமிர நிமிர்ந்துதானே நாமும் தொழப் பழகினோம்? பொருள் பின்னால் வந்தது. கி.பி. 1111 இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள், பிள்ளைகளைப் பயிற்றுவிப்பது பற்றித் தம் இஹ்யாவில் விரிவாகப் பேசுகின்றார்கள். பிள்ளையிடம் நற்செயல் வெளிப்படின் பரிசளித்துப் பிறர் அறியப் பாராட்ட வேண்டும் என்றும், எப்போதோ ஒருமுறை தவறினால் காணாததுபோல் இருந்துவிட வேண்டும் என்றும், ஓதல் முடிந்தபின் விளையாட விடாது தடுப்பது அவன் உள்ளத்தைச் சாகடித்துக் கூரிய அறிவையும் மழுக்கிவிடும் என்றும் அவர்கள் கருதினார்கள். ஆகவே பரிசும் பழக்கமும் நமக்குப் புதியவை அல்ல. நடைபழகும் குழந்தைக்குக் கொடுக்கும் விரல் போன்றவை அவை. விரலை எடுக்க வேண்டிய நாளை மறவாதிருந்தால் போதும்.

வன்மையைப் பற்றியும் நம் முன்னோர் எச்சரித்தே உள்ளனர். 1377 இல் தம் முகத்திமாவை எழுதி முடித்த இப்னு கல்தூன், கடுமையால் வளர்க்கப்படும் மாணவன் பொய்யையும் பாசாங்கையும் கற்றுக்கொள்கிறான் என்றும், அடிக்கு அஞ்சி உள்ளத்தில் இல்லாததை வெளியில் காட்டப் பழகுகிறான் என்றும் விளக்குகின்றார். ஆறு நூற்றாண்டுகளுக்குப் பின், ஆட்டிசம் உடைய பெரியவர்கள் தம் இளமையைப் பற்றிக் கூறுவது இதுவே அல்லவா?

என் பிழை

பிறரைப் பற்றிப் பேசுவது எளிது. நான் செய்ததையும் சொல்லிவிடுகிறேன்.

அச்சிறுவன் என் முகத்தைப் பார்க்காதது எனக்கு மரியாதைக் குறைவாகவே பட்டது. ஆசிரியரைப் பார்க்காதவன் எப்படிக் கற்பான் என்று எண்ணினேன். அவன் தாடையைப் பிடித்து என் பக்கம் திருப்பி, பார்த்தால் ஒரு துண்டு பேரீச்சம்பழம் கொடுப்பேன். மூன்று வாரங்களில் அவன் பார்க்கக் கற்றுவிட்டான். எனக்குப் பெருமிதம். ஆனால், அதே மூன்று வாரங்களில் அவனுடைய ஓதல் குன்றிற்று. ஒருமுறை கேட்டே பிடித்துக்கொள்பவன், ஐந்து முறை சொல்லியும் தடுமாறினான். ஒருநாள் அவனுடைய உம்மா, கதவோரம் நின்று, தயங்கித் தயங்கிச் சொன்னார்: "அவன் பார்க்கும்போது கேக்க மாட்டான் ஹள்ரத், கேக்கும்போது பார்க்க மாட்டான்."

எந்த நூலும் எனக்குக் கற்பிக்காததை அத்தாய் கற்பித்தார். அவன் முகம் திருப்பியிருந்ததே என் குரலைக் கேட்பதற்காகத்தான். என் கௌரவத்திற்காக அவனது செவியை நான் பறித்திருக்கிறேன். தாடையைப் பிடிப்பதை அன்றோடு விட்டேன். அடுத்த முறை ஓதிக்கொடுத்தபோது அவன் சுவரைப் பார்த்துக்கொண்டே, என் இருமல் உட்பட, ஒப்பித்தான்.

அவனுடைய வாப்பாவின் கவலை வேறு. "கையை உதறிக்கிட்டு ஆடுறானே, அதை மட்டும் நிறுத்திக் கொடுங்க ஹள்ரத். நிக்காஹ் வீட்டுக்குக் கூட்டிப் போக முடியலே" என்றார். அவர் கண்களில் நீர் முட்டியது. அவரை நான் குறை கூறமாட்டேன். ஊரார் பார்வை அவரை எவ்வளவு வருத்தியிருக்கும்! ஆனால், என் மக்தபைத் திரும்பிப் பார்த்தேன். நாற்பது பிள்ளைகளும் முன்னும் பின்னும் ஆடி ஆடித்தான் ஓதிக்கொண்டிருந்தனர். அந்த ஆட்டம் நினைவை நிலைநிறுத்துகிறது என்று நாமே சொல்கிறோம். நாற்பது பேர் ஆடினால் ஓதல்; ஒருவன் மட்டும் ஆடினால் நோயா?

இரண்டு உரைகற்கள்

இவற்றிலிருந்து நான் பெற்ற முடிவை வாசகர்கள் முன் வைக்கிறேன். பிள்ளையைப் பழக்குவது அறமே. 'இறைவன் படைத்தபடி விட்டுவிடுங்கள்' என்று சொல்லித் தண்ணீர் கேட்கவும் கற்பிக்காது விடுவது, மரியாதை என்ற பெயரில் நடக்கும் புறக்கணிப்பேயாகும். ஆயினும் பழக்குதலை இரண்டு உரைகற்களில் உரைத்துப் பார்க்க வேண்டும்.

முதலாவது, இதனால் பயன் யாருக்கு? தண்ணீர் கேட்கவும், தெருவில் ஓடாதிருக்கவும், தானே உண்ணவும் கற்பிப்பதன் பயன் பிள்ளைக்கு. கையசைவை அடக்குவதன் பயனோ, பெரும்பாலும் பார்ப்பவர் கண்ணுக்கு. முன்னதற்கு உழைப்போம், பின்னதைப் பிள்ளையிடம் கேட்பதை விட்டு, நம் கண்ணைப் பழக்குவோம்.

இரண்டாவது, அவன் மறுப்பதற்கு வழியுண்டா? 'கொடு', 'வா', 'உட்கார்' என்ற சொற்களுக்குப் பணியக் கற்பிக்கிறோம். 'வேண்டாம்' என்று சொல்லக் கற்பிக்கிறோமா? எவர் சொன்னாலும் மறுக்காது செய்யப் பழகிய பிள்ளை, தீய எண்ணம் கொண்ட ஒருவன் சொன்னாலும் செய்வான். பெற்றோர் இதை ஒரு கணம் சிந்திக்க வேண்டும். நாம் ஊட்டிய கீழ்ப்படிதலே அவனைக் காப்பற்றவனாக்கிவிடக் கூடாது.

அப்படியாயின் அவன் மறுப்பதையெல்லாம் விட்டுவிடுவதா என்று கேட்கலாம். மருந்தை மறுத்தால்? தலையைச் சுவரில் மோதிக்கொண்டால்? அங்கே தடுத்தே ஆக வேண்டும். ஆனால் அவனது மறுப்பைக் கேட்டறிந்து, காரணத்தோடு மீறுவது வேறு. மறுக்கவே இயலாதபடி அவனைப் பழக்கிவிடுவது வேறு. முன்னதில் நம் செயலுக்கு நாம் பொறுப்பாளியாக நிற்கிறோம். நாளை நம்மிடம் கணக்குக் கேட்கப்படும் என்ற அச்சமும் நமக்கு இருக்கும். பின்னதில் கேட்பதற்கே ஆளில்லை.

இதை எண்ணி, தண்ணீர், கழிப்பறை ஆகிய படங்களோடு 'போதும்' என்ற ஓர் அட்டையையும் அவனுக்குச் செய்து கொடுத்தேன். விரித்த உள்ளங்கை ஒன்று அதில் வரையப்பட்டிருக்கும். பல வாரங்கள் அவன் அதைத் தொடவேயில்லை. ஒருநாள் பாடத்தின் மூன்றாம் வரியில், அதை எடுத்து என் கையில் வைத்தான். அன்று நான் பத்து வரிகள் ஓதிக்கொடுப்பதாக எண்ணியிருந்தேன். 'இன்னும் இரண்டு வரிதான்' என்று நாவு நுனி வரை வந்த சொல்லை விழுங்கிக்கொண்டு, கிதாபை மூடினேன். அவன் எழுந்து மின்விசிறியின் கீழே போய் அமர்ந்தான்.

வாசகப் பெருமக்களே! ஒரு வயது நிறைந்தும் பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாத குழந்தை, ஒன்றரை வயதாகியும் வேண்டியதைச் சுட்டுவிரலால் காட்டாத குழந்தை உங்கள் இல்லத்தில் இருப்பின், நாட்களைக் கடத்தாதீர்கள். செவிப்புலனைச் சோதியுங்கள்; மருத்துவரிடம் காட்டுங்கள். 2016 ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தையும் ஏற்றுள்ளது. சென்னையை அடுத்த முட்டுக்காட்டில், பல்வகைக் குறைபாடு உடையோருக்கென மத்திய அரசின் நிறுவனமும் இயங்கி வருகிறது. பயிற்சி தருபவரிடம், 'என் பிள்ளை வேண்டாம் என்றால் என்ன செய்வீர்கள்?' என்று முதலில் கேளுங்கள். அவர் தரும் விடையைக் கொண்டு, பிள்ளையை அவரிடம் ஒப்படைக்கலாமா என்பதை முடிவு செய்யுங்கள்.

அந்தக் கேள்வியை எந்தப் பெற்றோரும் என்னிடம் கேட்டதில்லை. கேட்டிருந்தால், ஒரு பிள்ளையின் தாடையை மூன்று வாரங்கள் பிடித்திருக்கமாட்டேன்.